பால்குடி மறந்த கடாக்கன்றுகள்

ஏப்ரல் 20

மாட்டு டாக்டரம்மா சொன்னதால்தான் இந்த எழுத்து. "என்ன குடுத்தீங்க, எவ்வளவு குடிச்சது, சாணி எப்படி இருந்துச்சுன்னு அன்னன்னிக்கே எழுதி வைங்க ராவுத்தரே. ஒரு கன்னு படுத்துட்டா எனக்கு வைத்தியம் பார்க்க வசதியா இருக்கும்" என்றார். முப்பது வருஷம் லாரி ஓட்டின கைக்கு எழுத்து வேலை புதிது. இருக்கட்டும்.

இன்று ஆண்டிபட்டிப் பக்கமிருந்து ஏழு எருமைக் கடாக்கன்றுகள் வந்து இறங்கின. எல்லாம் பிறந்து ஒரு மாதத்துக்குள். பால் வியாபாரம் செய்கிறவர்களுக்குக் கிடேரிதான் வேண்டும். கடா பிறந்தால் அது குடிக்கிற பாலெல்லாம் நட்டம் என்று அரை வயிறும் கால் வயிறுமாக விட்டே கொன்றுவிடுவார்கள். அவற்றை வாங்கி, பால் கொடுத்துத் தேற்றி, தீவனத்துக்குப் பழக்கி, கறிக்கு வளர்க்கிற பட்டிக்காரர்களுக்குக் கொடுப்பது எங்கள் தொழில். எங்கள் என்றால் நானும் என் மருமகள் ஜுனைதாவும். யோசனை அவளுடையது. என் மகன் ஹக்கீம் குமுளி மலைப்பாதையில் பைக்கோடு விழுந்து போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. புருஷன் போனவள் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தா நாட்கள் முடிந்ததும் அவளுடைய அண்ணன் ஜாபர் திருப்பூருக்கு வந்துவிடச் சொன்னான். அவள் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை.

ஏழும் எலும்பும் தோலுமாக இருக்கின்றன. பக்கெட்டில் பாலை வைத்தால் குடிக்கத் தெரியவில்லை, மூக்கை விட்டுத் தும்முகின்றன. ஜுனைதா இரண்டு விரலைப் பாலில் நனைத்து ஒன்றின் வாயில் கொடுத்தாள். அது விரலைச் சப்பச் சப்ப, கையை மெல்லப் பாலுக்குள் இறக்கினாள். கன்றின் வாயும் கூடவே இறங்கியது. பிறகு விரலை உருவிக்கொண்டாள். அதற்குத் தெரியவே இல்லை, குடித்துக்கொண்டே இருந்தது.

"பாத்தீங்களா மாமா, ஏமாத்திட்டேன்" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டு வெகுநாள்.

ஏப்ரல் 23

ஐந்து கன்றுகள் பக்கெட்டில் குடிக்கின்றன. இரண்டுக்கு இன்னும் விரல் வேண்டும். குடற்புழு மருந்து கொடுத்தாயிற்று.

மே 3

வெயில் மண்டையைப் பிளக்கிறது. தென்னையோலைக் கூரைக்கு மேல் தண்ணீர் அடித்தும் கொட்டகைக்குள் அனல். மூன்று கன்றுக்குக் கழிச்சல். பாலை நிறுத்தி, கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து மணிக்கொரு தரம் கொடுக்கிறோம். ஜுனைதா கொட்டகையிலேயே பாயை விரித்துத் தொழுதாள்.

மே 5

ஒற்றைக்காது இறந்துவிட்டது. காது ஒன்று மடிந்திருக்கும் என்பதால் ஜுனைதா அப்படிக் கூப்பிடுவாள். கறிக்குப் போகிற உயிருக்குப் பெயர் வைக்காதே என்று முதல் நாளே சொன்னேன். "பேரா வச்சேன்? அடையாளம் சொல்றேன்" என்றாள். தென்னைக்கு அப்பால் குழி வெட்டினேன். மற்ற இரண்டும் எழுந்து நின்றுவிட்டன.

மே 11

சின்னமனூர்த் தீவனக் கடை இலியாஸ் தன் குட்டியானை வண்டியில் கன்றுத் தீவனமும் தவிடும் கொண்டுவந்து இறக்கினான். நாற்பது வயதிருக்கும். தகப்பன் இல்லாத வீட்டில் மூன்று தங்கச்சிகளைக் கரையேற்றி முடிப்பதற்குள் தலை நரைத்துவிட்டது, தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. நல்ல பையன்தான். மூட்டையைப் பிரித்துக் காட்டி, கையில் அள்ளி முகர்ந்து பார்க்கச் சொல்கிறான். ஜுனைதாவும் முகர்ந்து பார்த்தாள். போன வாரம் வந்த மூட்டையில் பூஞ்சை வாடை அடித்ததாம். அவன் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தான்.

தீவனத்தை ஒரு பிடி எடுத்து, பால் குடித்து முடித்த ஈரவாயில் அப்பிவிடவேண்டும். நக்கிப் பார்த்து ருசி கண்டுகொள்ளும். ஆறில் நான்கு கண்டுகொண்டன.

ஜூன் 17

ஹஜ்ஜுப் பெருநாள். தொழுகை முடிந்து வந்தவர்கள் வேலியோரம் நின்று கன்றுகளைப் பார்த்தார்கள். குர்பானிக்கு இரண்டு வயது முடிந்திருக்கவேண்டும், இதெல்லாம் பச்சைப் பிள்ளைகள் என்று சொல்லி அனுப்பினேன்.

இலியாஸ் தங்கச்சி வீட்டுக் கறிப்பங்கைக் கொண்டுவந்து கொடுத்தான். ஜுனைதா பிரியாணி கட்டிக் கொடுத்தாள். பாத்திரம் அவனோடு போயிருக்கிறது. அடுத்த தீவனத்தோடு வந்துவிடும்.

ஜூன் 20

பாத்திரம் வந்தது. காலியாக வரவில்லை, நாவல்பழம் இருந்தது. கன்றுகள் நலம்.

ஜூலை 15

ஆடி பிறக்கப் போகிறது. கம்பம் பள்ளத்தாக்குக் காற்று இப்போதே ஆளைத் தள்ளுகிறது. கூரை ஓலையைக் கயிறு போட்டு இறுக்கினேன்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். எல்லாம் தீவனத்தை நன்றாகத் தின்கின்றன, பாலை நிறுத்தலாம் என்றார். ஒரேயடியாக வேண்டாம், முதலில் சாயங்காலப் பாலை நிறுத்தி, காலைப் பாலில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னார். ஜுனைதாவுக்குப் பதிலாக நான் பக்கெட் தூக்கட்டுமா, அவளைக் கண்டால்தானே பால் ஞாபகம் வருகிறது என்று கேட்டேன். ஜுனைதா முந்திக்கொண்டாள்.

"நாந்தானே மாமா பழக்கினேன். நாந்தான் நிப்பாட்டணும்."

ஜூலை 19

கத்துகின்றன. சாயங்காலம் ஆனால் ஆறும் வேலியில் முட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகின்றன. ஜுனைதா புல்லைப் போட்டுவிட்டு அங்கேயே நிற்கிறாள். விரலை நீட்டினால் சப்ப வருகின்றன. கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள்.

ஜூலை 22

இன்று ஒரு தவறு நடந்துவிட்டது. ஜுனைதா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். வெள்ளைவால் கத்திக் கத்திக் குரல் போய், வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. பார்க்க முடியவில்லை. காபிக்கு வைத்திருந்த பாலில் கொஞ்சம் கொடுத்தேன். மற்றவை சும்மா இருக்குமா? பால் முழுக்கத் தீர்ந்தது.

ஜுனைதா வந்ததும் வெள்ளைவாலின் மூஞ்சியில் இருந்த நுரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீங்களா மாமா?"

"கத்துச்சு தாயி."

"கத்தத்தான் செய்யும். நீங்க பாவம் பாத்தா கெடுதல் அதுக்குத்தான். பாலு இருக்குன்னு நம்பி நிக்கும், புல்லுல வாய் வைக்காது. வயிறு எப்பப் பழகும்?"

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் காபி போடப் பாலில்லை. கடுங்காபி குடித்தோம்.

ஜூலை 27

கத்தல் அடங்கிவிட்டது. காலையில் எல்லாம் தொட்டியில் தலையை விட்டு மொறுமொறுவென்று தின்றுகொண்டிருந்தன. ஜுனைதா நாக்கை மடக்கி 'டொக் டொக்' என்று சத்தம் கொடுத்தால் திரும்பி ஓடிவருகின்றன, ஆனால் பாலுக்காக இல்லை. தலையைச் சொறிந்துவிட்டால் போதும், போய்விடுகின்றன. ஜுனைதாவுக்குக் கண் கலங்கியிருந்தது. தவிட்டுத் தூசி என்றாள்.

ஆகஸ்ட் 4

இலியாஸ் வந்திருந்தான். மூட்டையை இறக்கிவிட்டும் கிளம்பவில்லை. ஜுனைதா வீட்டுக்குள் போன பிறகு கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பெரியத்தா, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக்கூடாது."

"சொல்லு தம்பி."

"ஜுனைதாவ நிக்காஹ் பண்ணிக்கலாம்னு எனக்கு எண்ணம். அவங்க அண்ணங்கிட்டப் பேசுறதுக்கு முந்தி உங்ககிட்டச் சொல்றதுதான் மரியாதைன்னு வந்தேன். அவங்க மனசுல என்ன இருக்குன்னு நீங்க கேட்டுச் சொல்லணும்."

அவளுக்கு அந்த எண்ணமெல்லாம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

அவளுக்கு எத்தனை வேலை இருக்கிறது! மழைக்காலத்துக்குள் கொட்டகைக்குத் தளம் போடவேண்டும், புல்லுக்கு உரம் வைக்கவேண்டும். பால் மறந்த கன்றுக்கு இதுதான் எடை கூடுகிற சமயம். இந்த நேரத்தில் போய் இதெல்லாம் பேச முடியுமா? தீவனம் கூட்டிக் கொடுத்தோம். நன்றாகத் தின்கின்றன.

ஆகஸ்ட் 11

இலியாஸ் வரவில்லை. கடையில் வேலை செய்கிற ஆள் மூட்டையைப் போட்டுவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 18

அதே ஆள்தான். "கடைக்காரருக்கு உடம்புக்கு என்னவாம் மாமா?" என்று ஜுனைதா கேட்டாள். தெரியவில்லையே என்றேன். மூட்டையைப் பிரித்து முகர்ந்து பார்க்காமலே அடுக்கச் சொல்லிவிட்டாள்.

செப்டம்பர் 1

பேச்சுக் குறைந்துவிட்டது. கன்றுகளோடுதான் பேசுகிறாள். புரட்டாசி பிறந்தால் காற்று நின்றுவிடும்.

செப்டம்பர் 9

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தேன். ஜுனைதா வாசலில் நின்றிருந்தாள், கையில் போன். ஜாபர் பேசியிருக்கிறான். தீவனம் வாங்கத் திருப்பூர் போன இலியாஸை எதேச்சையாகப் பார்த்தானாம். ஊர்க்காரர்கள் என்று டீ குடித்திருக்கிறார்கள். பேச்சுவாக்கில் விஷயம் வெளியே வந்துவிட்டது.

"எனக்கு எண்ணம் இல்லன்னு சொன்னீங்களாம்."

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"எங்கிட்டக் கேட்டீங்களா மாமா?"

"இல்ல."

"கேட்டிருந்தா நான் வேணாம்னுகூடச் சொல்லியிருக்கலாம். சரின்னுகூடச் சொல்லியிருக்கலாம். நீங்க என்னைய ஒரு வார்த்த கேக்கலையே. அவுக மௌத்தாப் போனப்ப யாரையும் கேக்காமத்தான் அல்லாஹ் எடுத்துக்கிட்டான். அது விதி. நீங்களுமா?"

அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கன்றுகள்கூடத் தின்பதை விட்டுத் திரும்பிப் பார்த்தன.

செப்டம்பர் 10

ஜுனைதா திருப்பூர் போய்விட்டாள். போகும்போது எந்தக் கன்றுக்கு எவ்வளவு தீவனம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் போனாள். எனக்குத் தெரியாதா என்ன. பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 11

தின்னவில்லை. ஆறும் படலைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. நாக்கை மடக்கிச் சத்தம் கொடுத்துப் பார்த்தேன். பல்செட் கழன்று வருகிறது. தகர டப்பாவைத் தட்டினேன், மிரண்டு மூலைக்கு ஓடின.

செப்டம்பர் 13

வெள்ளைவால் மட்டும் வந்து தொட்டியை மோந்துவிட்டுப் போனது. நானும் நேற்றிலிருந்து ரொட்டிதான்.

செப்டம்பர் 15

தின்கின்றன.

காலையில் தொட்டியில் தீவனத்தைக் கொட்டிவிட்டு டப்பாவைத் தட்டாமல் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைவால் வந்தது, பின்னாலேயே மற்றவை. மொறுமொறு என்று தின்னும் சத்தம். ஜுனைதா இல்லாமலும் தின்னத்தான் செய்கின்றன. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனாலும் தொட்டி காலியாகும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளே போய் அரிசி களைந்து உலை வைத்தேன். குழைந்துவிட்டது, பரவாயில்லை, தின்னும்படி இருந்தது.

செப்டம்பர் 30

எடை கூடியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். "ஜுனைதா எங்கே?" என்று கேட்டார். அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். "எப்ப வர்றாங்க?" என்றார். கேட்கவேண்டும் என்றேன்.

அக்டோபர் 18

ஐப்பசி பிறந்ததும் பிறக்காததுமாக மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தரை சொதசொதவென்று கிடக்கிறது. நெற்றியில் வெள்ளை உள்ள சுட்டிக்கு மூக்கொழுகலும் இருமலும். டாக்டரம்மா ஊசி போட்டார், காய்ந்த வைக்கோல் பரப்பி ஈரமில்லாமல் வைத்திருக்கச் சொன்னார். கோணியை வெட்டி அதன் முதுகில் கட்டிவிட்டேன். எருமைக்குச் சட்டை தைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று சொன்னேன். சிரிக்க ஆளில்லை.

அக்டோபர் 24

சுட்டி தேறிவிட்டது. இருமல் நின்றுவிட்டது.

மழை கொஞ்சம் விட்டதும் சின்னமனூருக்குப் பஸ் ஏறினேன். இலியாஸ் கடையில் தவிடு நிறுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் "கன்னுக்கு என்ன பெரியத்தா?" என்று பதறி எழுந்தான்.

"கன்னுக்கு ஒண்ணுமில்ல. நான் அவகிட்டக் கேக்கவே இல்ல தம்பி. அவளுக்கு எண்ணமில்லன்னு நானாச் சொன்னேன்."

அவன் தராசுத் தட்டில் இருந்த தவிட்டைத் திரும்ப மூட்டையில் கொட்டினான். 

"ஏன் பெரியத்தா?"

பஸ்ஸில் வரும்போது இதற்கு ஒரு பதில் யோசித்து வைத்திருந்தேன். அதைச் சொல்ல வரவில்லை. "அவளும் போயிட்டா வீட்டுல யாரு இருக்கா?" என்றேன்.

டீ வரவழைத்தான். குடித்தோம்.

"சரி, போங்க, இப்பக் கேளுங்க. அவங்க வேணாம்னு சொன்னாலும் எனக்கு வருத்தமில்ல. ஆனா அவங்க சொன்னதா இருக்கணும்" என்றான்.

அக்டோபர் 27

பக்கத்துத் தோட்டத்து மாயாண்டியிடம் கன்றுகளை ஒப்படைத்துவிட்டுத் திருப்பூர் போனேன். ஜாபர் வீடு இரண்டே அறை. ஜுனைதா பனியன் துணியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். முதலில் கன்றுகளைத்தான் கேட்டாள். கோணிச் சட்டையைச் சொன்னேன். வாய்க்குள்ளேயே சிரித்தாள்.

ஜாபர் கடைக்குப் போன பிறகு கேட்டேன். "இலியாஸ் உன்னைய நிக்காஹ் பண்ணிக்கக் கேக்குறான். உன் மனசுல என்ன இருக்கு தாயி?"

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"நான் போயிட்டா நீங்க ஒண்டியா என்ன பண்ணுவீங்கன்னுதானே மாமா ரெண்டு வருஷமா அங்கிட்டே கெடந்தேன். அது உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் போகச் சொல்லல."

"ஆமா."

அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கோபம் தீர்ந்ததா என்று தெரியவில்லை. எழுந்து போய் எனக்குச் சோறு போட்டாள், நான் தின்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கை கழுவ எழுந்தபோது, "யோசிச்சுச் சொல்றேன் மாமா. இந்தத் தடவ நானே சொல்றேன்" என்றாள்.

நவம்பர் 6

ஜுனைதா வந்துவிட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கிப் பையோடு நேரே கொட்டகைக்குப் போய் 'டொக் டொக்' என்றாள். ஆறும் நிமிர்ந்து பார்த்தன, நடந்து வந்தன. தலையைக் கொடுத்துவிட்டுத் திரும்பத் தொட்டிக்குப் போய்விட்டன.

"என்னைய மறந்துருச்சுக" என்றாள்.

"மறக்கல. பசியில்ல, அம்புட்டுத்தான்" என்றேன்.

நவம்பர் 10

இலியாஸ் தானே தீவனம் கொண்டுவந்தான். இருவரும் கொட்டகையில் பேசினார்கள். நான் வீட்டுக்குள் இருந்தேன். வெகுநேரம் பேசினார்கள். வெளியே வந்தவன் என்னிடம் ஸலாம் சொல்லிவிட்டுப் போனான். ஜுனைதா அடுப்படியில் நின்றுகொண்டு, "சரின்னு சொல்லிட்டேன் மாமா" என்றாள்.

பருத்திக்கொட்டை தீர்ந்துவிட்டது. அவனிடம் சொல்ல மறந்துபோனேன்.

நவம்பர் 22

என்னையும் சின்னமனூருக்கு வந்துவிடச் சொல்கிறார்கள் இருவரும். ஒரு அறை ஒழித்துத் தருகிறானாம். நான் மாட்டேன் என்றேன். எனக்கு இங்கே வேலை இருக்கிறது. சோறும் இப்போது குழைவதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட வருவதாக ஒத்துக்கொண்டேன்.

டிசம்பர் 12

கூடலூர்ப் பட்டிக்காரர் வந்து மூன்று கடாக்களை ஏற்றிக்கொண்டு போனார். நல்ல தீவனம் போட்டு இன்னும் ஒரு வருஷம் வளர்ப்பார்கள். பிறகு கறிக்கு. சுட்டியும் அதில் ஒன்று. ஜுனைதா காலையிலேயே எழுந்து மூன்றையும் குளிப்பாட்டி, அகத்திக்கீரை கட்டுக் கட்டாகக் கொடுத்தாள். இலியாஸ் பிடித்து வண்டியில் ஏற்றினான். ஜுனைதா அழவில்லை. வண்டி வளைவு தாண்டியதும், "பட்டினியில சாகப் போனதுக. வயித்தக் காயப் போடாம அனுப்புறோம்ல மாமா" என்றாள். ஆமாம் என்றேன். 

மூன்று மிச்சம். வெள்ளைவாலை நான்தான் இருக்கட்டும் என்று சொன்னேன்.

டிசம்பர் 29

காலையில் பனி. புல்லில் ஈரம் காயும்வரை கன்றுகளை வெளியே விடவில்லை.

பள்ளிவாசலில் நிக்காஹ். ஜாபர் குடும்பத்தோடு வந்திருந்தான். இலியாஸின் தங்கச்சிகள் மூவரும் வந்திருந்தார்கள். ஹஜ்ரத் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, பெண்ணிடம் சம்மதம் கேட்டு வர வேண்டும், பெண்ணுக்குப் பொறுப்பாளரான வலி யார், சாட்சி யார் என்று கேட்டார். வலி ஜாபர். அவன் என்னைப் பார்த்தான்.

"நீங்க கேளுங்க மாமா. நான் கூட வர்றேன்."

ஹஜ்ரத் என்னிடம் சொல்லி அனுப்பினார். "முன்னாடி நிக்காஹ் ஆன பொண்ணு. பேசாம இருந்தா சம்மதம்னு நாமளா எடுத்துக்கக்கூடாது. வாயால சொல்லணும், நீங்க காதால கேக்கணும்."

பெண்கள் இருக்கிற பக்கம் போனோம். ஜுனைதா பச்சைப் புடவையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். வளையல் போட்டிருந்தாள்.  இரண்டு முறை இருமினேன்.

"ஜுனைதா, சின்னமனூர் இலியாஸுக்கு உன்னைய நிக்காஹ் செஞ்சு குடுக்க உனக்குச் சம்மதமா?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் தலையைக் குனியச் சொல்லிக் கிசுகிசுத்தார்கள். அவள் குனியவில்லை.

"சம்மதம் மாமா" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு குரலைத் தாழ்த்தி, "கன்னுகளுக்குத் தண்ணி காட்டிட்டுத்தானே வந்தீங்க?" என்றாள்.

"காட்டிட்டேன் தாயி."

பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். நான் திரும்பிப் போய் ஹஜ்ரத்திடம், "சம்மதம்னு அவளே சொன்னா, என் காதால கேட்டேன்" என்றேன். அவர் பதிவேட்டில் சாட்சிக்கான இடத்தைத் தொட்டுக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.